ஆளில்லாத இடம்

3 செப்டம்பர் 1968, பென்கௌ

இந்தப் பச்சை அட்டை நோட்டு மேஜர் ஹாட்லி கொடுத்தது. "உனக்கு எழுதுகிற கை இருக்கிறது ஞானா, வைத்துக்கொள்" என்றார். ஞானதிக்கம் என்ற முழுப் பெயரில் ஏறி, பாதியிலேயே இறங்கிவிடுகிறார் மனுஷன். ஒரு வாரமாக எதை எழுதுவது என்று யோசித்தேன். தமிழில் எழுதினால் இந்த ஊரில் ஜவுளிக்கடை ஹபீப் மரைக்காயரைத் தவிர எவனுக்கும் படிக்க வராது. அவருக்கும் கண்ணில் புரை. ஆகவே தைரியமாக எழுதலாம். ஆனால் எல்லாவற்றையும் எழுதப்போவதில்லை.

பிறந்தது காரைக்கால். பன்னிரண்டு வயதில் அப்பாவோடு சைகோனுக்குக் கப்பலேறினேன். பிரெஞ்சுக்காரன் இருந்தவரை அவனுக்கு வியட்நாம் பேச்சை மொழிபெயர்த்தேன். அவன் தோற்றுப் போனான், அமெரிக்கன் வந்தான். இங்கிலீஷ் கற்றுக்கொண்டு இவனுக்கு மொழிபெயர்க்கிறேன். துரை மாறினார், நாற்காலி அதேதான்.

வேலை இது. மாதக் கடைசியில் மேஜரோடு ஊர் ஊராகப் போக வேண்டும். ஒவ்வொரு ஊருக்கும் பதினெட்டுக் கேள்விகள் அச்சடித்த தாள். கெரில்லாக்கள் வருகிறார்களா, பள்ளிக்கூடம் நடக்கிறதா, தலைவர் இரவில் எங்கே படுக்கிறார், இப்படி. பதிலெல்லாம் சைகோனுக்குப் போகும். அங்கே ஓர் அறை நிறைய நிற்கும் மிஷின் மார்க் போடும். நல்ல ஊர் பச்சை, இரண்டுங்கெட்டான் மஞ்சள், கெட்ட ஊர் சிவப்பு. ஒன்றாம் தேதி அந்தக் கலர் எங்கள் ஆபீஸ் சுவரில் இருக்கும் பெரிய படத்துக்கு வந்துவிடும்.

19 செப்டம்பர்

இன்று வின்தோய். என் மனைவி லியென் பிறந்த ஊர். அவள் தம்பி லாம் இன்னமும் அங்கேதான் உழுகிறான்.

மேஜர் வயலில் இறங்கி ஒரு பிடி மண்ணை எடுத்து மோந்து பார்த்தார். அவர் ஊரில் சோளக் காடாம். "இந்த மண்ணை என் அப்பா பார்த்தால் அழுதுவிடுவார்" என்றார். நல்ல மனுஷன். இதை எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் பின்னால் நான் மறந்துவிடக் கூடாது.

பதினோராவது கேள்வி வந்தது. ஊர்த்தலைவர் இரவில் ஊரிலேயே படுக்கிறாரா? தலைவர் கோய் முதுகை நிமிர்த்தி, "என் வீட்டை விட்டு நான் எங்கே போகப் போறேன்?" என்றார். அப்படியே சொன்னேன். மேஜர் டிக் போட்டார்.

சாயங்காலம் ஐந்தரைக்குப் படித்துறையில் மீன் வாங்கிக்கொண்டிருக்கிறேன், கோய் பாயும் பல் பிரஷ்ஷுமாகப் படகிலிருந்து இறங்குகிறார். எங்கள் தெருவில் மூன்றாம் வீடுதான் அவருக்குப் படுக்கை. ஊரில் படுத்தால் காட்டுக்காரர்கள் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம். என்னைப் பார்த்து, "மீன் புதுசா?" என்றார். "புதுசுதான்" என்றேன். வேறு என்ன பேசுவது?

உண்மையைச் சொல்லியிருந்தால் வின்தோய் பச்சையிலிருந்து இறங்கியிருக்கும். சிவப்பு ஊர்களை என்ன செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஜனங்களை லாரியில் ஏற்றி முள்வேலிக்குள் கொண்டுபோய் விடுவார்கள். ஆகையால் கோய் தன் வீட்டில்தான் படுக்கிறார்.

7 அக்டோபர்

மரைக்காயர் கடை. தேத்தண்ணி கொடுத்துவிட்டு ஆரம்பித்தார்.

"ஓய் ஞானதிக்கம், உம்ம படத்துல போன மாசம் எத்தனை ஊரு பச்சையாச்சு?"

"ஆறு."

"மாஷா அல்லா! நம்ம சரக்குப் படகு மட்டும் அந்த ஆறு ஊரையும் தாண்டி வர முடியலியே, அது ஏனாம்?"

தேத்தண்ணியை ஊதிக் குடித்தேன். அவர் விடவில்லை.

"வருசத்துக்கு ஒருத்தன் வாரான். ஊரு பேரு வாயில நுழையவே அவனுக்கு ஆறு மாசம். நுழைஞ்சதும் மூட்டையக் கட்டிடுறான். அடுத்தவன் வந்து மறுபடி ஆனா ஆவன்னா. காட்டுக்குள்ள கெடக்கானுவளே, அவனுவ எங்கே மூட்டையக் கட்டிப் போறது? அவனுவ வூடே இதுதானே ஓய்."

வாய் நீளம் இந்த மனுஷருக்கு. யாராவது கேட்டால் என் வேலை போகும்.

2 நவம்பர்

கல்லறைத் திருநாள். அப்பா அம்மா இரண்டு பேரும் சைகோனில் கிடக்கிறார்கள். போகப் பாதை சரியில்லை. இங்கே கோயில் தோட்டத்து மூலையிலேயே மெழுகுவர்த்தி வைத்தோம். மகள்கள் இரண்டு பேரும் சைகோன் கன்னியர் மடத்தில் படிக்கிறார்கள். ஆகவே நான், லியென், சின்னப்பன் மட்டும்.

சின்னப்பன் என் மூத்தவன். பதினெட்டு முடிந்துவிட்டது. லியென் அவனை ‘ஹாய்’ என்றுதான் கூப்பிடுவாள். அவர்கள் மொழியில் இரண்டு என்று அர்த்தம். இந்தப் பக்கத்து வழக்கம் அது. தலைச்சன் பிள்ளை மேல் பேய்க்கு ஆசை அதிகமாம். அதனால் முதல் பிள்ளையையே ‘இரண்டாவது’ என்று கூப்பிட்டுப் பேயை ஏமாற்றுவார்கள். அம்மா உயிரோடிருந்தபோது அவனைத் தூக்கி வைத்து "என் தலைச்சன் பேரனே" என்று கொஞ்சுவாள். லியென் ஓடிவந்து, "அத்தே, சத்தமா சொல்லாதீங்க" என்று அம்மாவின் வாயைப் பொத்துவாள். எட்டு வருஷம் மாமியாரோடு இருந்து காரைக்கால் தமிழ் பேசக் கற்றவள், இந்த ஒரு வார்த்தையை மட்டும் வாயிலேயே வைக்க மாட்டாள்.

காற்றில் திரி அணையாமல் இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு சின்னப்பன் கேட்டான்: "அப்பா, கோய் ஊர்லயேதான் படுக்குறாருன்னு நீங்கதான் எழுதுனீங்களாமே?"

"அவர் சொன்னதை நான் சொன்னேன்."

"அது பொய்யின்னு உங்களுக்குத் தெரியும். அந்த ஊர்ல ஒவ்வொருத்தனுக்கும் தெரியும். எனக்கென்னவோ மேஜருக்கே தெரியும்னு தோணுது. அப்புறம் யாரு பாக்குறதுக்குப்பா அந்தப் படம்?"

"பெரியவர்கள் வேலை உனக்கு எதற்கு?" என்று அதட்டினேன். அவன் சிரித்தான். எங்கள் அப்பாவுக்கு இருந்த அதே தெற்றுப்பல்.

26 நவம்பர்

பட்டாளத்துக்கு வரச்சொல்லி சைகோன் அரசாங்கத்துத் தாள் வந்துவிட்டது, சின்னப்பன் பேருக்கு. 1963இல், காரைக்கால்காரன் என்ற முறையில், பிரெஞ்சுத் தூதரகத்தில் ஒரு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்திருந்தால் அவன் பிரெஞ்சுப் பிரஜை, எவனும் தொட்டிருக்க முடியாது. ஊர் உலகத்துக்கெல்லாம் தாள் நிரப்புகிறவன், அந்த ஒன்றை நாளைக்கு நாளைக்கு என்று விட்டேன். செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் என்னை.

29 நவம்பர்

சின்னப்பன் வின்தோய்க்குப் போயிருக்கிறான். மாமன் லாம் வீட்டில் அறுவடைக்கு ஆள் வேண்டுமாம். போகும்போது காலில் விழுந்தான். இரண்டு வாரம் அறுவடைக்குப் போகிறவன் எதற்காகக் காலில் விழ வேண்டும்? லியென் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

24 டிசம்பர்

மேஜர் கிறிஸ்துமஸ் பரிசு கொடுத்தார். அமெரிக்கப் பட்டாளத்து மழைக்கோட்டு, கரும்பச்சை, புத்தம் புதுசு. "உன் பையன் வயலில் வேலை செய்கிறான் என்றாயே, அவனுக்கு." அவருக்கும் பதினேழு வயதில் ஒரு மகன் இருக்கிறான். போட்டோ காட்டினார். பல்லுக்குக் கம்பி போட்டிருந்தான்.

பூசைக்குச் சின்னப்பன் வரவில்லை. அறுவடை முடியவில்லை போலும்.

12 ஜனவரி 1969

அறுவடை முடிந்து வின்தோய் வயலெல்லாம் நெல்தாள் காய்ந்து கிடக்கிறது. நானே பார்த்தேன். லாம் வீட்டுக்குப் போக நேரமில்லை. மேஜர் அவசரப்படுத்தினார்.

இன்னொரு விசேஷம். தலைவர் கோய் பத்து நாளாகப் படித்துறையில் இறங்குவதில்லை. உண்மையாகவே ஊரில்தான் படுக்கிறாராம். பதினோராவது கேள்விக்கு இந்த மாதம் நான் சொன்னது சத்தியம். மேஜருக்கு ஏகப்பட்ட சந்தோஷம், என் தோளைத் தட்டினார். கோய் யாரிடம் பேசி, என்ன ஒப்புக்கொண்டு, பயம் விட்டுத் தூங்குகிறார் என்று கேட்க அந்தத் தாளில் கேள்வி இல்லை.

15 ஜனவரி

மரைக்காயர், "உம்ம வூட்டம்மா நாலு கஜம் கறுப்புத்துணி எடுத்துட்டுப் போச்சு. யாருக்கு ஓய், காட்டுக்காரனுவ மாதிரி கறுப்புச் சட்டை?" என்று சிரிக்க ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிட்டார். ரொம்ப நேரம் துணியை மடித்துக்கொண்டே இருந்தார். "சின்னப்பனை நான் தூக்கி வளத்திருக்கேன்" என்றார் கடைசியில். "அல்லா காப்பாத்துவான்" என்றார்.

லியெனுக்கே ஏதாவது தைப்பாளாயிருக்கும்.

17 பிப்ரவரி

இவர்களுடைய புதுவருஷம். லியென் சாப்பாட்டு மேசையில் மூன்று கிண்ணம் வைத்தாள். மூன்றாவதில் அரிசிச் சாதமும் கருவாடும் ஆறிப்போய் இருந்தன. மத்தியானம் வரை பார்த்துவிட்டு, அதை மூங்கில் கூடையில் வைத்துக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போனாள். கூடை இல்லாமல் திரும்பி வந்தாள். மழைக்கோட்டும் ஆணியில் இல்லை.

"எங்கே போனே?" என்று நான் கேட்கவில்லை.

27 பிப்ரவரி

நேற்று லியென் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, யாரிடமோ பேசுவதுபோல, "வின்தோய்க்குத் தெக்கே ஓலைக்காட்டுல கொசு ஜாஸ்தியாம். கொயினா மாத்திரை பத்தலையாம்" என்றாள்.

நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். தலைகீழாகப் பிடித்திருந்தேன் என்று பிறகு தெரிந்தது. இன்று ஆபீஸ் மருந்துப் பெட்டியிலிருந்து ஒரு புட்டி எடுத்து வந்து அடுப்படி மாடத்தில் வைத்தேன்.

28 பிப்ரவரி

இன்று மேஜர் படத்துக்கு முன்னால் நின்று பென்சிலை வின்தோய்க்குத் தெற்கே வைத்தார். அங்கே இரண்டு கிலோமீட்டருக்கு ஓலைக்காடு. ஆற்றுச் சேற்றிலேயே முளைக்கும் மரம், உள்ளே போனால் வானம் தெரியாது. முன்பு ஓலை வெட்டும் குடும்பங்கள் பதினொன்று இருந்தன. போன வருஷம் வெளியேற்றிவிட்டார்கள்.

"இங்கே இப்போது யாராவது இருக்கிறார்களா, ஞானா?"

கெரில்லாக்கள் இருக்கிறார்கள் என்றால் விமானம் வரும். சந்தேகம் என்றால் ஒரு கம்பெனிப் பட்டாளம் உள்ளே இறங்கித் துழாவும். இத்தனை வருஷமாக நாக்கைத் தீட்டி வைத்திருந்தது இந்த ஒரு பதிலுக்குத்தான் என்று தோன்றியது.

"யாருமில்லை சார்" என்றேன். "பாம்பும் கொசுவும்தான். மனுஷப் பூண்டே கிடையாது."

"நிச்சயமா?"

"என் மனைவியின் ஊர் சார். எனக்குத் தெரியாதா?"

அவர் திருப்தியாக ஒரு வெள்ளை வட்டம் போட்டார். ஆளில்லாத இடம் என்று எழுதினார். வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்குப் பாட்டு வந்தது. அந்தப் பக்கம் இனி எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான். லியெனிடம் "ஓலைக்காட்டுப் பக்கம் யாரும் போக மாட்டாங்க, படத்துல எழுதியாச்சு" என்று மட்டும் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமான புதிதில் பிடித்ததுபோல் இருந்தது.

20 மார்ச்

பீரங்கிப் படையின் இளம் லெப்டினன்ட் ஒருவன் ஆபீஸுக்கு வந்தான். சின்னப் பயல், முகப்பரு இன்னும் போகவில்லை. படத்தைப் பார்த்து, "இந்த வட்டம் நீங்கள் சொல்லிப் போட்டதாமே? ரொம்ப உபகாரம்" என்று எனக்குக் கை கொடுத்தான்.

"என்ன உபகாரம்?"

பொறுமையாக விளக்கினான். ஒவ்வொரு ராத்திரியும் நாற்பது குண்டாவது எங்கேயாவது போட்டாக வேண்டுமாம், எதிரியைத் தூங்கவிடாமல் அடிக்க. ஆள் இருக்கிற இடமானால் மாகாணத் தலைவர் கையெழுத்து வேண்டும், அவரைத் தேடிப் பிடிப்பதற்குள் விடிந்துவிடும். ஆளில்லாத இடமென்று படத்தில் இருந்தால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கிழக்கே இருந்த பழைய வட்டத்தில் இப்போது ஒரு மரம்கூட நிற்கவில்லையாம். திங்கட்கிழமையிலிருந்து ஓலைக்காடு.

இருபது வருஷம் பட்டாளத்துக்காரர்களோடு சோறு தின்கிறேன். ஆள் இல்லாத இடத்தில் எதற்குச் சுடுவான் என்று நினைத்தேனே! ஆள் இல்லாத இடத்தில்தான் இவர்கள் தாராளமாகச் சுடுவார்கள் என்று எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று?

மேஜரிடம் ஓடினேன்.

"சார், ஒரு தப்பு நடந்துவிட்டது. ஓலைக்காட்டுக்கு விறகு வெட்ட ஆட்கள் வருவதுண்டு."

"இரவிலா?"

இரவில் யார் விறகு வெட்டுவான்? "பகலில்தான்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அப்படியானால் கவலைப்படாதே. சுடுவது இரவில்தான்."

"குடும்பங்கள்கூடத் திரும்பி வந்திருக்கலாம் சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "மூன்று வாரத்துக்கு முன்னால் மனுஷப் பூண்டே இல்லை என்றாய். சந்தேகமிருந்தால் சொல், நாளைக்கே ஒரு கம்பெனியை அனுப்பிப் பார்த்துவிடுகிறேன்."

"வேண்டாம் சார். விறகு வெட்டுகிறவர்கள்தான்."

"மாதக் கடைசித் தாளில் எழுதிவிடு. ஒன்றாம் தேதி படம் மாறிவிடும்."

அதற்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. திங்கட்கிழமைக்கு நான்கு நாள்தான்.

21 மார்ச்

லியெனிடம் சொன்னேன். "ஓலைக்காட்டுல இருக்கிறவங்களை அங்கே இருக்க வேணாம்னு சொல்லணும். திங்கக்கிழமைக்குள்ள."

"யாரை?" என்றாள் என் கண்ணைப் பார்த்து.

நான்கு மாதமாக வாயைத் திறக்காதவன், திறந்தேன். "நம்ம சின்னப்பனை."

செருப்புக்கூடப் போடாமல் சந்தைக்கு ஓடினாள்.

23 மார்ச்

லாமிடமிருந்து பதில் வந்தது. எல்லாரும் வடக்கே போய்விட்டார்களாம். குருத்து ஞாயிறு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, ஆனாலும் கோயிலுக்குப் போய் முழங்காலில் நின்றேன். சாயங்காலம் மரைக்காயருக்கு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போனேன். "என்ன ஓய் திடீர்க் கவனிப்பு?" என்றார். சும்மாதான் என்றேன். நாங்கள் இரண்டு பேரும் இன்று வயிறாரச் சாப்பிட்டோம்.

27 மார்ச்

மூன்று நாளாகத் தெற்கே குமுறுகிறது. அவர்கள் வடக்கே இருக்கிறார்கள்.

29 மார்ச்

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தேன். கொல்லைக் கொடியில் மழைக்கோட்டு காய்ந்துகொண்டிருந்தது. துவைத்துப் போட்டிருந்தாள். முதுகுப் பக்கம் ஏழெட்டு ஓட்டை, அதன் வழியாகப் பக்கத்து வீட்டுச் சுவர் தெரிந்தது.

லியென் தலையில், இவர்கள் துக்கத்துக்குக் கட்டுகிற வெள்ளைத்துணியைக் கட்டியிருந்தாள்.

லாம் சொல்லி அனுப்பினானாம். எல்லாரும் வடக்கே போனது உண்மை. காய்ச்சல்காரர்கள் மூன்று பேரை நகர்த்த முடியவில்லை. அவர்களைப் பார்த்துக்கொள்ள இருக்கிறேன் என்று சின்னப்பன் நின்றுவிட்டான். நான் கொடுத்த கொயினாப் புட்டி அவனிடம் இருந்ததால், அவன்தான் டாக்டர் என்று எல்லாரும் கேலி செய்வார்களாம். அங்கேயே, அந்தச் சேற்றிலேயே புதைத்துவிட்டார்கள். ஐந்தாம் வாய்க்கால் திரும்புகிற இடத்தில்.

லியென் கேட்டாள். "அங்கே ஆளில்லன்னு யாருங்க அவங்ககிட்டச் சொன்னது?"

"நான்தான்."

"எதுக்கு?"

"காப்பாத்தத்தான் லியென். சத்தியமா காப்பாத்தத்தான்."

"தெரியும்" என்றாள். கோபமே இல்லை அவள் குரலில். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "நான் பேய்கிட்ட இவன் ரெண்டாவதுன்னு சொன்னேன். நீங்க மனுசங்ககிட்ட ஆளே இல்லன்னு சொல்லிட்டீங்க."

என் பிள்ளை. என் பிள்ளை. இந்த நோட்டில் அவன் அறுவடைக்குப் போனான் என்று எழுதினேனே, பாவி!

31 மார்ச்

வின்தோய்த் தாளை நான்தான் டைப் செய்தேன். பதினான்காவது கேள்வி: இந்த மாதம் நம் குண்டினால் பொதுமக்களுக்குச் சேதம் உண்டா? இல்லை. பதினாறாவது: இந்த ஊரோடு சம்பந்தப்பட்ட குடும்பம் எதிலிருந்தாவது ஆள் கெரில்லாக்களிடம் போயிருக்கிறானா? இல்லை.

மகள்கள் இரண்டு பேர் மடத்தில் இருக்கிறார்கள். நான் சிறைக்குப் போனால் அவர்களை யார் பார்ப்பார்கள்?

வின்தோய் இந்த மாதமும் பச்சை.

1 ஏப்ரல்

படம் மாறிவிட்டது. ஓலைக்காட்டில் இப்போது ‘பகலில் விறகு வெட்டுபவர்கள்’ என்று எழுதியிருக்கிறது.

26 ஏப்ரல்

மேஜர் ஹாட்லிக்கு வருஷம் முடிந்துவிட்டது, நாளைக்குப் போகிறார். அவர் வந்தபோது பச்சை ஊர் பதினெட்டு, இப்போது நாற்பத்தொன்று, மெடல் கொடுத்திருக்கிறார்கள். என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "உன் பையனுக்கு மழைக்கோட்டு சரியாக இருந்ததா?" என்றார்.

"அளவு சரியாக இருந்தது சார்."

அவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, வந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். என்மேல் வருகிற கோபம்தான் முடியவில்லை.

30 ஏப்ரல்

புது மேஜர் வந்துவிட்டார். சின்ன வயசு, சுறுசுறுப்பு. படத்துக்கு முன்னால் நின்று ஒவ்வொரு ஊர்ப் பெயராக உச்சரிக்கச் சொல்லிக் கேட்டார். மரைக்காயர் சொன்ன ஆனா ஆவன்னாதான். பென்சில் ஓலைக்காட்டுக்கு வந்து நின்றது.

"இந்த விறகு வெட்டுகிறவர்கள் விவகாரம் என்ன? ஆள் இருக்கிறார்களா இல்லையா?"

இல்லை என்றால் பீரங்கி. இருக்கிறார்கள் என்றால் விமானம். இரண்டு பதிலும் எனக்கு இப்போது மனப்பாடம்.

"அங்கே கல்லறை இருக்கிறது சார்" என்றேன். "ஐந்தாம் வாய்க்கால் திரும்புகிற இடத்தில். என் குடும்பத்துக் கல்லறை."

"அப்படியா? மன்னிக்கவும், எனக்கு யாரும் சொல்லவில்லை" என்றார். கல்லறை மேல் சுடக் கூடாதென்று அவர்கள் சட்டத்தில் இருக்கிறதாம். வெள்ளை வட்டத்தை அழித்து, அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிலுவை போட்டார். லெப்டினன்டைக் கூப்பிட்டுச் சொன்னார்.

லியெனிடம் வந்து சொன்னேன். அவள் என் தட்டில் சோறு போட்டாள். ஒரு மாதமாக நானே போட்டுத் தின்றுகொண்டிருந்தேன்.

2 மே 1975

ஆறு வருஷமாக இந்த நோட்டைத் தொடவில்லை. முந்தாநாள் சைகோன் விழுந்தது. சண்டை முடிந்துவிட்டதாம்.

காலையில் பழைய ஆபீஸுக்குப் போனேன். அமெரிக்கர்கள் எப்போதோ போய், அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த சைகோன் அதிகாரிகளும் ஓடிவிட்டார்கள். ஊர் ஜனங்கள் மின்விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். தலைவர் கோய் ஒரு நாற்காலியைத் தலையில் வைத்துக்கொண்டு போனார். "மீன் புதுசா?" என்றேன். சிரித்தார்.

படத்தை யாரும் தொடவில்லை, அதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்? கிட்டே போய்ப் பார்த்தேன். மூலைக்கு மூலை பச்சை. அடியோடு தோற்றுப்போன அன்றைக்கும் ஒரு ஊர்கூடச் சிவப்பில்லை. அதில் பாதிப் பச்சை என் வாயால் ஆனது. மீதிப் பாதி என்னைப் போல் மற்ற ஊர்களில் இருந்தவர்கள் சொன்னதாயிருக்கும். அவனவனுக்குக் காப்பாற்ற ஒரு வின்தோய் இருந்திருக்கும், அவனவனுக்கு ஒரு கோய். மேலே இருந்தவர்களுக்கும் பச்சைதான் பிடித்தது. அத்தனையிலும் உண்மையாக இருந்தது ஓலைக்காட்டில் அந்தப் பென்சில் சிலுவை ஒன்றுதான். ஆணியைப் பிடுங்கிச் சுருட்டி எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை நானும் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். அமெரிக்கனிடம் வேலை செய்தவர்களை எல்லாம், ஜெயித்த காட்டுக்காரர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள். எத்தனை நாள் உள்ளே வைப்பார்கள் என்று தெரியாது. மரைக்காயர், "உம்ம மவன் பேரைச் சொல்லும் ஓய், விட்டுடுவானுவ" என்கிறார். அவன் பேரை நான் சொல்ல மாட்டேன். அதைச் சொல்லித் தப்பிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

அதனால் இன்றைக்கே கிளம்பினோம். சண்டை இருந்தவரை அந்தப் பக்கம் யாரையும் விடவில்லை. ஆறு வருஷத்தில் லியென் ஒரு தரம்கூடப் பார்த்ததில்லை. லாம் படகு தள்ளினான். நான் படத்தை மடியில் விரித்து வழி சொன்னேன். ஐந்தாம் வாய்க்கால் திரும்புகிற இடத்தில் ஓலை மரம் மறுபடி ஆள் உயரத்துக்கு முளைத்திருந்தது. சிலுவை, மேடு, ஒன்றும் கிடையாது. சேறுதான்.

லியென் முழங்கால் வரை சேற்றில் இறங்கி நின்றாள். மெழுகுவர்த்தி ஏற்றினாள். காற்றடித்தது, நான் இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டேன். அவள் ‘ஹாய்’ என்று கூப்பிடப் போகிறாள் என்று நினைத்தேன். சுற்றிலும் ஒரு தரம் பார்த்தாள். பிறகு என் அம்மா கூப்பிட்ட மாதிரியே, காடு முழுக்கக் கேட்கும்படி, வாய்விட்டுக் கத்தினாள்.

"என் தலைச்சன் புள்ளே!"